பிரிஜட் நடத்திய கூட்டம்

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்த ரோசம்மாவின் மகள் பிரிஜட்டை எல்லாரும் "தேவதை" என்பார்கள். தேவதை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

பிறந்ததிலிருந்தே அவளுடைய கைகால் அவள் சொன்னபடி கேட்காது. சக்கர நாற்காலிதான். பேச்சு உண்டு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும். அந்த நேரம்கூடப் பொறுக்காமல் அவள் தொடங்கியதை ஆளுக்கு ஒருவிதமாக முடித்துவைப்பார்கள். "பசிக்குதாம்." "தூக்கம் வருதாம்." அதற்குப் பெயர் அன்பாம்.

அவள் படித்த சிறப்புப் பள்ளியில் நவம்பர் வந்தால் கூட்டம் போட்டு, எந்தப் பிள்ளை அடுத்த வருடம் என்ன செய்வது என்று முடிவு செய்வார்கள். பிள்ளைகள் மட்டும் வெளியே வராந்தாவில் இருக்க வேண்டும். உள்ளே கறிபஃப் தின்றபடி கருணை நடக்கும். கமிட்டித் தலைவர் சூசைநாதன், எங்கள் மாதா கோவிலில் முதல் பெஞ்சுக்காரர். இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். புகைப்படம் எடுக்க ஆள் வந்தால் கண் தானாகத் திறக்கும்.

எண்பத்து நான்காம் ஆண்டு பிரிஜட்டுக்குப் பதினாறு வயது. அவளைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அங்கே வேலை, கரண்டியையும் முள்கரண்டியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டுவது. நடுங்கும் கைக்கு எவ்வளவு பொருத்தமான வேலை! அவளுக்கோ டைப்பிங் பரீட்சை எழுத ஆசை. டைப்ரைட்டர் எழுத்துகளுக்கு மேல், விரல் தவறாமல் இருக்க, ஓட்டை போட்ட தகட்டை வைத்தால், ஒற்றை விரலால் அவள் பிழையில்லாமல் அடிப்பாள். அதற்கு இன்னும் ஒரு வருடம் பள்ளியில் இருக்க வேண்டும்.

"இந்த வாட்டி உன் மீட்டிங்க நீயே நடத்து லா," என்றாள் அவளுடைய டீச்சர் சந்திரமதி. உன்னால் என்ன முடியும், எது முடியாது, என்ன வேண்டும், இந்த மூன்றையும் நீயே சொல் என்று பழக்கினாள். சொல்வது பிரிஜட்டுக்குக் கஷ்டமாக இல்லை. கேட்கிறவர்கள் வாயை எப்படி மூடுவது என்பதுதான் கஷ்டம்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். அக்டோபரில் எங்கள் புளோக்கில் தினமும் ஒரு வீட்டில் செபமாலை சொல்வோம். ஒவ்வொரு செபத்திலும் ஒருவர் முன்பாதியைச் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். "நான் முன்பாதி சொல்றேன்," என்றாள். தேவதை கேட்டால் மறுக்க முடியுமா? முதல் நாளே எல்லாரும் வழக்கம்போல் பாதியில் புகுந்தார்கள். அவள் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் புகுந்தார்கள். திரும்பவும் முதலிலிருந்து.

"ஐயோ, முட்டி போச்சும்மா!" என்றார் முழங்காலில் நின்ற பக்கத்து வீட்டு லாசரஸ்.

"அப்ப வாய மூடுங்க அங்கிள்," என்றாள் பிரிஜட், முழுதாக.

மாதா மன்னிப்பாராக, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாதம் முடிவதற்குள் புளோக்கே காத்திருக்கக் கற்றுக்கொண்டது. பக்தியால் அல்ல, முட்டிவலியால்.

கூட்டத்தன்று நாற்காலியைப் படியில் தூக்க ரோசம்மாவோடு நானும் போனேன். சந்திரமதி நாற்காலியை நேரே மேசையின் தலைப்பக்கத்தில், தலைவர் உட்காரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். சூசைநாதன் வேறு இடம் தேடி உட்கார வேண்டியதாயிற்று.

"நல்ல பிள்ளை. ஒர்க்‌ஷாப் போறியாம்மா?" என்றார், ரோசம்மாவைப் பார்த்து.

"எனக்கு அந்த..." என்று பிரிஜட் தொடங்கினாள்.

"அந்த இடம் புடிச்சிருக்காம்!" என்றார் அவர். கமிட்டிப் பெண்கள் உருகிப்போனார்கள்.

பிரிஜட் நிறுத்தினாள். "எனக்கு அந்த..."

"அந்த ஃபிரண்ட்ஸோட இருக்கணும், அதானே?"

"எனக்கு அந்த..."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெண் கறிபஃபைக் கடித்தபடியே நின்றுவிட்டாள். யாரும் உதவிக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பெரிய மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு அந்த ஒர்க்‌ஷாப் வேணாம் அங்கிள். என் கை கரண்டியக் கீழ போட்டுடும். ஆனா டைப் அடிக்கும். சந்திரமதி டீச்சர்கிட்ட பேப்பர் இருக்கு, பாருங்க. பரீட்சை எழுத இன்னும் ஒரு வருஷம் வேணும்."

அவள் அடித்த பக்கங்கள் மேசையைச் சுற்றி வந்தன. சூசைநாதன் அவற்றைப் புரட்டிவிட்டு, மறுபடியும் தாயிடம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க ரோசம்மா?"

கோவிலில் அவரைக் கண்டாலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்பவள் ரோசம்மா. அன்று அவள் முக்காட்டைத் தொடவில்லை. "நான் நாற்காலி தூக்க வந்தேன் சார்," என்றாள். "மீட்டிங் அவளோடது."

ஒரு வருடம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சூசைநாதன் கோவில் வாசலில் பத்துப் பேரைச் சேர்த்துவைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு டைப்பிங்தான் சரின்னு நான்தான் கமிட்டியில அடிச்சுச் சொன்னேன்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். கண் மூடியே இருந்தது. நான் தள்ளிவந்த சக்கர நாற்காலியை அங்கேயே நிறுத்தினேன். "கேட்டியா பிரிஜட்?" என்றேன்.

"பேர அவரே வெச்சிக்கட்டும் ஆன்ட்டி," என்றாள். "பரீட்சைய அவரா எழுதப் போறாரு?"