கோமதி அடித்துத் திருத்திய சொல்

தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கோமதியின் தம்பி போனில் கூப்பிட்டான். "சேச்சி, அக்கா போயிட்டா" என்றான். என் பஸ் வந்தது. ஏறத் தோன்றவில்லை.

மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடம் எங்களுக்கு ஒரே மேஜை. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுபோகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டு எலியைக் கவனிப்பது எங்கள் வேலை. முன்கால்களை எடுத்துக் கம்பிமேல் வைத்தால் அப்படியே நிற்கும், இறங்காது.

வந்த புதிதில் குறிப்பேட்டில் "எலிக்கு மடி" என்று எழுதிவிட்டேன். எங்கள் மலையாளத்தில் சோம்பலுக்கு அதுதான் சொல். கோட்டை அக்ரகாரத்துக் கோமதிக்கு மடி என்றால் குளித்துவிட்டுக் காக்கும் ஆசாரம்; விழுந்து விழுந்து சிரித்தாள். "மடியா? ஸ்நானம் பண்ணிட்டா வந்து நிக்கறது?" பிறகு பேனாவால் அந்தச் சொல்லை அடித்தாள். "அது மனசுல என்ன இருக்குன்னு நமக்கெப்படித் தெரியும்? எத்தனை செகண்ட் நின்னுது, அதை எழுது. கண்டதை மட்டும் எழுது, கேட்டியோ."

அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆய்வு முடிந்து கூண்டுகள் காலியாகும் நாளில் அவள் யாரோடும் பேசமாட்டாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவள் பெயரை, அவளைக் கேட்காமலே, பின்னால் தள்ளினேன். பேச்சு நின்றது. பிறகுதான் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். முகத்தில் ஓர் அசைவுமில்லை. கோபம் ஆறவில்லை என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை. எனக்கும் வீம்பு.

தகனம் முடிந்து திரும்பும்போது தம்பி சொன்னான். அந்த நாட்களில் வாந்தியை நிறுத்த ஒரு மருந்து கொடுத்தார்களாம். அவள் உடம்பு மரம்போல இறுகிவிட்டதாம். நான் போன மறுநாள் டாக்டர் அதைக் கண்டு மருந்தை நிறுத்தினாராம். பெயரைக் கேட்டேன். அதே ஏற்பியை அடைக்கும் மருந்து. பதினெட்டு வருடம் எலிகளில் பார்த்ததைச் சிநேகிதியின் முகத்தில் பார்க்கத் தெரியாத பாவி நான்.

"ரெண்டு நாள்ல சரியாயிடுத்து, சேச்சி. அப்பறம் ஒரே கேள்விதான். 'நான் சிரிச்சேனேடா, அவ ஏன் பாக்காம போயிட்டா?' போன் பண்ணட்டுமான்னா, 'வேண்டாம், அவளே வருவா'ன்னுட்டா."

அவளுடையதென்று என்னிடம் இருப்பது அந்தச் சிரிப்புதான். அதை நான் பார்க்கவில்லை.