தொறந்து குடுங்க

நங்கையாவின் முன்பல் பாதி உடைந்து அவருடைய உள்ளங்கையில் கிடந்தது. இன்னொரு கையில், அவர் கடித்துப் பிரிக்கப் பார்த்த நெய் பாக்கெட். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் படம் போட்டு, ‘இங்கே கிழிக்கவும்’ என்று புள்ளிக் கோடு இழுத்திருந்தார்கள். பாக்கெட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பல்லையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு கரண்டி நெய்யிக்கு ஒரு பல்லு. நல்லாத்தான் இருக்குது கண்ணு இந்த யாவாரம்” என்றார். சிரித்தபோது அந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அதன் பிறகு பல் கட்டிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ முறை கேட்டோம், கடைசிவரை கட்டிக்கொள்ளவே இல்லை.

என் கணவரின் அக்கா அவர். எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பெருமாநல்லூரை ஒட்டிய ஒரு லைன் வீட்டு வரிசையில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவர், சரவாங்கி என்கிற மூட்டுவாதம் வந்து விரல் கணுக்களெல்லாம் வீங்கி வளைந்த பிறகுதான் எழுந்தார். அந்தக் கையால் அவர் தோசை வார்ப்பார், வாசலில் கோலம் போடுவார், மெதுவாகத் துணியும் துவைப்பார். ஒரு பாக்கெட்டைப் பிரிக்க மட்டும் முடியாது. பிரிப்பதென்றால் இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடித்ததை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அந்தப் பிடி அவருக்குப் போய்விட்டது. பிஸ்கட்டைச் சுற்றிய சிவப்பு இழையை இழுத்தால் இழை மட்டும் கையோடு வரும். பல் துலக்கும் பிரஷ் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்குக்குள் இருந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்னும். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க அண்ணன் வரும்வரை காத்திருப்பார். அண்ணன் என்றால் நங்கையாவின் வீட்டுக்காரர். பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியை ஆயுள் பூராவும் சுவாசித்ததில் அவருக்கு மூச்சிரைப்பு.

பல் போனதை நங்கையா வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். அவரைக் கொதிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்த ஒன்று.

அண்ணனுக்கு மூச்சு திணறினால் வைப்பதற்கென்று, மருந்தைப் புகையாக்கி உள்ளே இழுக்கும் சின்ன மிஷின் ஒன்று வீட்டிலேயே இருந்தது. அதில் ஊற்றும் மருந்து சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் குப்பியில் வரும். குப்பியின் தலையைத் திருகி ஒடித்தால்தான் மருந்து வெளியே சொட்டும். வழக்கமாக அண்ணனே ஒடித்து ஊற்றிக்கொள்வார். ஒருநாள் மத்தியானம், நாங்களெல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தவருக்குக் கை தூக்கவே முடியவில்லை. நங்கையா குப்பியைத் திருகிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. உடைந்த பல்லால் கடித்துப் பார்த்திருக்கிறார், பிளாஸ்டிக் நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. அருவாமனையில் வைத்து அறுக்கப் போக, அது வழுக்கி நடுவில் வெட்டி மருந்து பூராவும் தரையில் ஓடிவிட்டது. அண்ணனின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு குப்பியை எடுத்துக்கொண்டு வீதிக்கு ஓடினார். பகல் ஷிப்ட் நேரம், வரிசை முழுக்கப் பூட்டிக் கிடந்தது. கடைசி வீட்டில் மட்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமலிருந்த ஒரு இந்திக்காரப் பெண் வாசலில் நின்றாள். அதுவரைக்கும் அவளும் நங்கையாவும் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. தையல் ஹாலில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு இந்திச் சொல்லை நங்கையா வழியெல்லாம் கத்திக்கொண்டே போயிருக்கிறார்: “கோலோ! கோலோ!” திற, திற. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே ஓடிவந்து, குப்பியை வாங்கி ஒரே திருகில் ஒடித்து, மிஷினில் ஊற்றி, அண்ணனின் மூக்கில் அதன் முகமூடியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது.

சாயங்காலம் நான் வேலை முடிந்து ஓடியபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நங்கையா நின்றுகொண்டே இருந்தார். “உக்காருங்க நங்கையா, அண்ணந்தான் எந்திரிச்சு உக்காந்துட்டாருல்ல” என்றேன். “அவரு உக்காந்துட்டாரு. நான் உக்கார மாட்டேன் கண்ணு” என்றார். அந்தக் குரலில் அழுகை துளியும் இல்லை. மறுநாளே ஒரு கொரடு வாங்கி மிஷினுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வளைந்த உள்ளங்கைக்கு அதன் கைப்பிடி அடங்கியது. குப்பியின் கழுத்தை அதில் கவ்வி ஒடிக்க அன்று முழுக்கப் பழகினார். அதன் பிறகு, மூடிய பாக்கெட் ஒன்றும் இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் மெயின் ரோட்டிலிருக்கும் பெரிய கடைக்கு இருவரும் சேர்ந்து போனோம். நங்கையாவின் பையில் எவர்சில்வர் டப்பாக்கள் கிணுகிணுத்தன. பில் போடும் பெண்ணிடம் பருப்பு, மாவு, சோப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பில் போட்டு முடித்ததும், “சித்தெ இதையெல்லாம் தொறந்து குடு அம்மிணி” என்றார். அந்தப் பெண் புரியாமல் சிரித்தாள். “ஊட்டுக்குப் போய்த் தொறந்துக்கங்கம்மா.”

“ஊட்டுல தொறக்கறதுக்குக் கையில்லை கண்ணு. பூட்டிப் பூட்டி விக்கறீங்க, சாவியும் நீங்கதான குடுக்கோணும்?”

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேனேஜர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. “அம்மா, பொறத்தால எத்தன பேரு நிக்காங்க பாத்தியளா? இங்கன வச்சுப் பிரிச்சா நாங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்றார்.

“திங்கறதுக்கு வாங்கறனுங்க. திருப்பிக் குடுக்கறதுக்கு யாருங்க வாங்குவாங்க?” எங்கள் ஊர்ச் சண்டையே அப்படித்தான். எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது. அந்த ‘ங்க’வைக் கேட்டுக்கொண்டு ஒருவர் எதிரே நிற்பதுதான் கஷ்டம். மேனேஜர் நீண்டுகொண்டே போன வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே கத்தரிக்கோல் எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினார். நங்கையா டப்பாக்களில் கொட்டிக்கொண்டார். சோப்பை அட்டையிலிருந்தும், அட்டைக்குள்ளிருந்த கவரிலிருந்தும் உரித்து வாங்கிக்கொண்டார். மேஜை மேல் கவர்கள் குவிந்து கிடந்தன. “இதையும் எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார் மேனேஜர். “நான் பருப்புதானுங்க கேட்டேன். அதை நான் கேக்கலீங்க” என்று சொல்லிவிட்டு நங்கையா நடந்தார். நான் தரையைப் பார்த்தபடி பின்னாலேயே போனேன்.

அடுத்த வாரம் வாசலில் நின்ற செக்யூரிட்டி எங்களைத் தடுத்தார். பிரச்சினை பண்ணுகிற அம்மாவை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். நங்கையா வாதாடாமல் திரும்பி வந்து, எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். ஊசி பாய்ந்து கட்டைவிரல் செத்துப்போனவள் இருந்தாள், கையில் கட்டுப் போட்டவள் இருந்தாள், இரண்டு கையும் நன்றாகவே இருந்தவர்களும் இருந்தார்கள். முன்னால் அந்த இந்திக்காரப் பெண், குழந்தையோடு. அத்தனை பேரும் அவரவர் சாமான்களைப் பில் போடும் இடத்தில் வைத்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “தொறந்து குடுங்க.” அவள் மட்டும் “கோலோ” என்றாள். கடை அரைநாள் ஸ்தம்பித்தது. இரண்டொரு நாளில் வெளியே போகும் வழியில் ஒரு மேஜையும், கத்தரிக்கோலும், கவர் போட ஒரு டிரம்மும் வைத்தார்கள். கேட்டால் பிரித்துத் தர ஒரு பெண்ணும் இருந்தாள். அந்த மேஜை இப்போதும் அங்கே இருக்கிறது. கத்தரிக்கோலை யாராவது எடுத்துப்போய்விடுகிறார்கள் என்று சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இதில் நான் எங்கே நிற்கிறேன் என்பதை நங்கையா ஒரு தீபாவளியன்று காட்டினார். அப்போது நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் கொடுத்த காலர் பனியன் ஒன்றை அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். நங்கையா அதைப் பிரிக்க உட்கார்ந்தார். கவர், அதற்குள் மெல்லிய தாள், காலருக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டை, முதுகுக்கு அட்டை, கைமடிப்பில் கிளிப், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலெல்லாம் குண்டூசி. ஒரு குண்டூசி அவர் விரலில் இறங்கியது. ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “இதையெல்லாம் யாரு கண்ணு குத்தறது?” என்றார்.

“நாங்கதானுங்க நங்கையா. சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் அப்படிக் கேக்கறாங்க.”

“அந்த ஊர்லயும் கை வலிக்கற பொம்பளைங்க இருப்பாங்கள்ல?”

அடுத்த சீசனுக்கு, வெளிநாட்டுப் பையரின் ஆள் பேக்கிங்கைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வந்தார். மாதிரிப் பீஸைக் கையில் எடுத்து மடிப்பின் நேர்த்தியைப் பாராட்டினார். “சார், இதைப் பிரிச்சு ஒருதடவை போட்டுப் பாருங்க சார்” என்றேன். எனக்கே என் குரல் நங்கையாவின் குரலாகக் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. காலர் பட்டை வரவில்லை, கிளிப் தெறித்து எங்கோ போய் விழுந்தது, எல்லாம் எடுத்தாயிற்று என்று தலை வழியாக மாட்டியபோது கழுத்தில் மிச்சமிருந்த குண்டூசி குத்தியது. அதுவரை இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தவர் “அம்மா” என்றார், அசல் தமிழில். செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. “இதை வாங்கற ஒவ்வொருத்தரும் இப்படித்தான் சார் கத்துவாங்க” என்றேன்.

மறுநாள் என்னைப் பேக்கிங்கிலிருந்து எடுத்துச் செக்கிங்குக்கு மாற்றினார்கள். பார்த்துவந்த பொறுப்பு போய், எல்லோரோடும் வரிசையில் நின்று நூல் பிசிறு வெட்டும் வேலை. வீட்டில் கணவர் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நங்கையாவிடம் போய்ச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அவரு கத்துனாரில்ல?” என்றார். “கத்துனாருங்க.” “போதும்.” சில சீசன் கழித்து அதே பையரிடமிருந்து, குண்டூசியும் கிளிப்பும் இனி வேண்டாம், அட்டை மட்டும் போதும் என்று தகவல் வந்தது. நான் கேட்டதால் வரவில்லை. அவர்கள் நாட்டில் ஏதோ சட்டமாம். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, அதை நங்கையாவிடம் சொன்னேன். “யாரு சொல்லிப் போனா என்ன கண்ணு? ஊசி போச்சில்ல” என்றார்.

போன ஆனியில் நங்கையா இறந்துபோனார். சின்னக் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. காலையில் உடலைக் கொண்டுவந்தோம். பிறந்த வீட்டுக் கோடி போடுவது தம்பியின் கடமை. என் கணவர் அவிநாசி ரோட்டுக் கடையொன்றில் அரக்குச் சேலை எடுத்துவந்திருந்தார். அவர் கையில் அது பெட்டியோடு இருந்தது. பெட்டிக்குள் மொடமொடக்கும் கவர், கவருக்குள் அட்டை வைத்து மடித்த சேலை, மூலையில் விலைச்சீட்டைப் பின் அடித்திருந்தார்கள். நேரமாகிவிட்டது, அப்படியே மேலே சாத்திவிடுங்கள், அட்டை தெரியாது என்று பெரியவர் ஒருவர் அவசரப்படுத்தினார்.

“சித்தெ பொறுங்க” என்றேன். சாவு வீட்டில் அவ்வளவு உரக்கப் பேசியிருக்கக் கூடாது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேலையை வாங்கி, கவரைக் கிழித்தேன். அட்டையை உருவினேன். பின்னை நகத்தால் நெம்பி எடுத்தேன், விலைச்சீட்டைப் பிய்த்தேன். உள்மடிப்பில் இன்னும் ஒரு குண்டூசி இருந்தது. அதை அந்த இந்திக்காரப் பெண் கண்டுபிடித்து எடுத்தாள். இருவருமாகச் சேலையை முழுசாக விரித்து ஒருதடவை உதறினோம். காற்று வாங்கி அது பெரிதாக எழுந்து இறங்கியது. பிறகுதான் நங்கையாவின் மேல் போர்த்தினோம். வளைந்த அந்த விரல்களை நானே சேலைக்குள் எடுத்து வைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெட்டியையும் கவரையும் அட்டையையும் பின்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்தத் துணிக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் பெட்டியைப் பார்த்ததும் சிரித்த முகமாக எழுந்தார்.

“ஏனுங்க, சேலையை மாத்தோணுங்களா?”

“இல்லீங்க, சேலையை அவங்க கட்டிட்டுப் போயிட்டாங்க” என்று பையை அவர் முன்னால் கவிழ்த்தேன். “இதை வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”