மூன்றாவது சீஸ்

கடைக்காரி ஸ்பூனின் முதுகால் ஆப்பிளை மசித்துக்கொண்டிருந்தாள். கட்டி ஒன்றுகூடத் தங்கக் கூடாது. தொண்டையில் அடைத்தால் வேறு வம்பு. எதிரே, உயர்த்திய தலையணையில் சாய்ந்திருந்தவள் வாடிக்கைக்காரி. இரண்டுமே பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்கள். வயது அறுபதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பக்கவாதம் வாடிக்கைக்காரியின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. விழுங்குவதில் கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் எதை நீட்டினாலும் வாயை இறுக மூடிக்கொண்டாள். இன்றும் சாப்பிடாவிட்டால் நாளைக் காலையில் மூக்கில் குழாய். அதைப் பிடுங்குவாள், பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதே பிழைப்பாகிப்போன கடைக்காரி அந்தக் கட்டுகளை நிறையப் பார்த்தவள். அதனால்தான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதல் ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை.

"விடுங்க பெரியம்மா. ரெண்டு தடவைக்கு மேல நாங்க கேக்கறதே இல்ல. அவங்களுக்கு எரிச்சல் வருது," என்றாள் கதவோரம் நின்ற வாடிக்கைக்காரியின் மகள்.

இரண்டு தடவை. கடைக்காரியின் கை அப்படியே நின்றது.

மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். தனி வகுப்பறை கிடையாது. பூகோளப் படங்களைச் சுருட்டிவைக்கும் அறையில் பாடம். அந்த நாட்டு ஆறுகள், புரட்சி, ரொட்டி வகை, சீஸ் வகை எல்லாம் தலைகீழ்ப் பாடம். சீஸை மட்டும் ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு ஜோடியாகப் பேச வேண்டும்: ஒருத்தி சீஸ் விற்பவள், மற்றவள் வாங்குபவள். முதலில் காட்டியதையே வாங்கிக்கொண்டால் பேச்சு ஒரே வரியில் முடிந்து மார்க் போய்விடும். ஆகவே இரண்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு மூன்றாவதைத்தான் வாங்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். டிபன் பாக்ஸ் மூடியில் சாக்பீஸ் துண்டுகளை அடுக்கி, வீடு திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்கள். 'நோன்' என்று மறுக்கும்போது வாடிக்கைக்காரி மூக்கைச் சுளிப்பதில் ஒரு மகாராணித்தனம் இருக்கும்.

தேர்வன்று மூன்றாவது சீஸின் பெயர் கடைக்காரிக்கு மறந்து தொலைந்தது. ஜன்னலுக்கு வெளியே பள்ளி வாட்ச்மேன் பெரிய மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். "மீசேத்," என்று இல்லாத ஒரு சீஸை அடித்துவிட்டாள். தேர்வாளர் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார். வாடிக்கைக்காரிதான் சிரிப்பை விழுங்கித் திணறியபடி அதை வாங்கினாள்.

இருவரும் தேறினார்கள். மேலே படித்து ஒன்றாக அந்த நாட்டுக்குப் போவதாகத் திட்டம். கடைக்காரியின் அம்மா படுத்த படுக்கையானதும் அவள் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனாள். வாடிக்கைக்காரிக்குக் கல்யாணமாயிற்று. பிரெஞ்சு இரண்டு பேருக்கும் சோறு போடவில்லை. ஆனாலும் எங்கே சந்தித்தாலும் அந்த சீஸ் கடையைத் திறந்த பிறகுதான் மற்ற பேச்சு.

கடைக்காரி மகளிடம் இன்னும் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கினாள். ஒன்றில் தயிர், ஒன்றில் பாலில் ஊறிய ரொட்டி.

"போன்ஜூர் மதாம்," என்று வணக்கம் சொல்லித் தயிரைக் காட்டினாள். மூக்கு சுளித்தது. ரொட்டியைக் காட்டினாள்.

"நோன்."

மகள் ஓடிவந்தாள். "அம்மா பேசிட்டாங்க பெரியம்மா."

"பேச்சு இல்லம்மா, மனப்பாடம். ரொம்ப ஆசைப்படாதே," என்றாள் கடைக்காரி. ஆப்பிள் கிண்ணத்தை எடுத்தாள். "இந்தா, மீசேத். புதுச் சரக்கு. இதுக்கு மேல என் கடையில ஒண்ணும் இல்லடி."

இடப்பக்க உதடு மட்டும் மேலேறியது. வயிறு குலுங்கியது. சிரிக்கிற வாயில் ஊட்டினால் புரையேறும். அடங்கும்வரை ஸ்பூனைப் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலியாயிற்று.

மறுநாள் காலை டாக்டர் குழாயைத் தள்ளிவைத்தார். அவர் போனதும் கடைக்காரி தட்டில் மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். மகளை நாற்காலியில் உட்காரவைத்து, 'போன்ஜூர் மதாம்' என்று வாய் கூசாமல் சொல்ல வரும்வரை சொல்லவைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.