வெள்ளைத் தரையில் செம்மரம்

பெய்ஜிங்கில் இரண்டு வருடம் இருந்தேன். இயந்திரங்கள் பொருத்திக் கொடுக்கும் ஒரு கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் துணி துவைத்து, சோறாக்கித் தின்றுவிட்டுத் தூங்குவேன். கூட வேலை பார்த்த சீனப் பெண்ணுக்கு அது பொறுக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டா கிடப்பீர்கள்?" என்று ஒரு ஞாயிறு காலை என்னைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் காட்டியது பழைய தொழிற்சாலை வட்டாரம். ஆலைகள் மூடியபின் ஓவியர்களும் சிற்பிகளும் வாடகைக்குப் பிடித்து, இப்போது தெரு முழுக்கக் கலைக்கூடங்களும் காபிக் கடைகளும். புகைபோக்கிகளை இடிக்காமல் விட்டிருந்தார்கள். துருப்பிடித்த பாய்லருக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு அறை நிறையக் கிழிந்த செருப்புகள். இன்னொன்றில், ஐஸ் கட்டியின்மேல் ஒருவர் உட்கார்ந்தே இருக்கும் வீடியோ. எனக்குப் பாதி விளங்கவில்லை. தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த கட்டடத்தில் மரக்கட்டைகள் கிடந்தன. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் ஆள் நீளத்துக்கு ஏழெட்டுக் கட்டைகள். பட்டை உரித்து, உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டி வைத்திருந்தார்கள். சுற்றிலும் மரத்தூள் சிவப்பாக உதிர்ந்திருந்தது.

கை தானாக நீண்டது. ஓரத்தில் நின்ற காவல்காரப் பெண் அதட்டினாள்.

"தொடக்கூடாதாம்" என்றாள் என் தோழி. சுவரிலிருந்த அட்டையைப் படித்துச் சொன்னாள். "செம்மரம். இந்தியாவிலிருந்து வந்தது. படைப்பின் பெயர், விருந்தாளி. எங்கள் ராஜாக்கள் இந்த மரத்தில்தான் நாற்காலி செய்துகொண்டார்கள். உங்கள் ஊரில் நிறைய இருக்குமோ?"

"எங்கள் ஊரில் இது வளராது."

"பின்னே எப்படித் தெரியும்?"

"என் அக்கா வீட்டுக்காரர் வெட்டியிருக்கிறார்."

"ஓ, மர வியாபாரமா?"

"ஆமாம்" என்றேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. மரவள்ளி பிடுங்கி முடித்தால் அப்புறம் மாதக்கணக்கில் வேலை கிடையாது. அப்படி ஒரு கோடையில், வேனில் வந்த ஆளோடு மாமா ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போனார். இன்ன வேலை என்று தெரியாமல் போனார் என்று வக்கீலிடம் சொன்னோம். தெரிந்துதான் போனார்.

பத்தாம் நாள் பிடிபட்டார். ஒரு வருடத்துக்கு மேல் சிறை. அங்கே பேசிய தெலுங்கு அவருக்குப் புரியவில்லை. நீட்டிய தாளில் எல்லாம் கைநாட்டு வைத்தார். ஜாமீனில் வந்தபோது ஒரு காது கேட்கவில்லை, இருமல் நிற்கவில்லை. உள்ளே நடந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் ஒருமுறை சொன்னார்: "உள்ள ரத்தமாட்டம் இருக்கும்டா. வெட்ட வெட்டக் கையெல்லாம் செவந்து பூடும். கழுவனாலும் போவாது." அதன்பின் ஏழு மாதம்தான் இருந்தார். ஒருநாள் மூச்சு வாங்கவே, கள்ளக்குறிச்சிக்கு வண்டியில் கொண்டு போனோம். வழியிலேயே இறந்துவிட்டார்.

தோழியைக் காபிக் கடைக்கு அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே மதியம். கூலிக்குப் போன காட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமா வெட்டப் போன மரத்த இங்க பாத்தேன்."

"எங்க? மரக்கடையிலயா?"

"இல்லக்கா. பார்வைக்கு வச்சிருக்காங்க. ஜனங்க வந்து பாத்துட்டுப் போறாங்க."

"சும்மா பாக்கறதுக்கா?"

"ஆமா."

"அத தூக்கிக்கினு மேடும் பள்ளமும் நடந்தாருடா. ஜெயில்லேந்து வந்தப்பவும் தோள்ல தழும்பு மாறல. நான்தான் எண்ண தடவுனேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. மாமா சிறையில் இருந்தபோது நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். "நீ படிச்சவன், கோர்ட்டுல இங்கிலீஷ்ல நாலு வார்த்த பேசுனா கேப்பாங்கடா" என்று அக்கா கூப்பிட்டாள். இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வயதான அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே போய் வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு இன்டர்வியூவே இல்லக்கா. எம் பேரும் கேஸ்ல வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்டா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உங்கூடப் படிச்சவன் அப்பவே சொல்லிட்டான்."

எத்தனை வருடம் தெரிந்தே வைத்திருந்தாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"மறுபடியும் சம்மன் வந்திருக்குது" என்றாள் அக்கா. "செத்தவர ஆஜராவச் சொல்லி. பூட்டாருன்னு யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல. எங்க போனாலும் தொரத்தறாங்க."

"நான் வரேன்."

"இன்டர்வியூ கிண்டர்வியூ இருக்கப் போவுது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். நானும் அக்காவும் சின்னசேலத்திலிருந்து பஸ் மாறி மாறி ஆந்திராவுக்குப் போனோம். கோர்ட்டு வாசலில் ஒரு புங்கமரத்தடியில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, மாமாவின் இறப்புச் சான்றிதழோடு உள்ளே போனேன். குமாஸ்தா தெலுங்கில் ஏதோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் விவரம் சொன்னேன். ஒரு மனு எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். வாங்கி, முத்திரை குத்தி, இனிமேல் யாரும் வரவேண்டாம் என்றார்.

வெளியே வந்து சொன்னதும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அர மணி நேரங்கூட ஆவல."

"ஆமா."

"அவரு இருக்கச்சொல்லோ நீ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள்.