அண்ணனின் குதிகால்

சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்த எனக்கு முதல் நோயாளியாக வாய்த்தவர் என் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். குதிகால் தசைநாண் அறுந்து, தைத்து, அப்போதுதான் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள்.

அறுந்த இடத்துச் செல்கள் மெல்ல இழுபட்டால்தான், இழுக்கும் திசையில் நாரை வரிசையாக அமைக்கும். அசையாமல் கிடந்தால் நார் தாறுமாறாகி, அந்தக் கால் மறுபடி தறி மிதிக்காது. இதை அண்ணனுக்கு விளக்கி, கட்டிலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். காலை, மதியம், மாலை என்று வேளையும் பிரித்துக் கொடுத்தேன். "சரிம்மா" என்பார். டிரான்சிஸ்டரில் பாட்டு கேட்டபடி அப்படியே படுத்திருப்பார்.

என்னோடு படித்த விமலா ஒருநாள் அவரைப் பார்க்க வந்து போனாள். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தால், அண்ணன் பாவு நூல் ஏற்றாத தறியில் உட்கார்ந்து, வெறும் மிதிகட்டையை மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தார்.

"விமலா சொல்லிச்சு. கட்டில்ல படுத்துக்கினு கால ஆட்ட வெக்கமா இருக்குதுமா. இங்க உக்காந்தா கால் தானா போவுது."

"நான் சொன்னதும் இதேதானே அண்ணா?"

"நீ கால மட்டும் பாத்த. அது தறியையும் பாத்துச்சு."

எனக்கு வயிறு எரிந்தது. பிறந்தது முதல் அந்தத் தறிச் சத்தத்தில் தூங்கியவள் நான். எனக்குத் தோன்றாதது, ஒரு காபி குடிக்கும் நேரத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஐப்பசியில் அண்ணன் மறுபடி நெய்தார். விமலாவுக்கு நன்றி சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தச் செல்களுக்கு இழுப்பு மட்டும்தான் தெரியும். யார் சொல்லி இழுத்தது என்று தெரியாது. எனக்கோ, அண்ணன் மிதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பெயர்தான் கேட்கிறது.