ஒரு கடிகாரம் போதும்

இலங்கை மலைநாட்டு மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க மறுநாள் ரயிலேற வேண்டிய ஒருவர் என்னைத் தேடி வந்தார். துரை பங்களாவில் வெகுகாலம் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு. கையில், துண்டில் சுற்றிய ஓர் அலாரக் கடிகாரம். பேச்சு நின்றால் அதைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்வார்.

“பங்களாவுல ரெண்டு கடிகாரம் இருந்துச்சுங்க சார். ஒண்ணு நம்ம நேரம், ஒண்ணு தொரை ஊரு லண்டன் நேரம். இங்க விடிஞ்சா அங்க நடுச்சாமம். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கெடைக்கல; மருமகனுக்குக் கெடச்சதால எம்மக இங்கேயே தங்குறா. காலையில அவ வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்போ அங்க எனக்கு ராத்திரியா இருக்குங்களா?”

நெடுங்கோடுகளை நான் பரீட்சைக்காகவே சொல்லிக் கொடுத்துவந்தவன். அலுமாரியிலிருந்து பூகோள உருண்டையை எடுத்து, எண்பதாம் பாகைக் கோட்டைக் காட்டினேன்.

“மேலேருந்து கீழ வருது பாருங்க. மெட்ராஸ் பக்கமா வந்து, நம்ம நாட்டையும் தொட்டுக்கிட்டுப் போகுது. ஒரே கோட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரே நேரத்துலதான் உச்சி வெயில். இங்க விடிஞ்சா அங்கயும் விடியும்.”

அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

“அப்ப முள்ளத் திருப்ப வேணாமுங்களா?”

“வேணாங்க.”

பெருமூச்சு விட்டுச் சிரித்தார். கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

“தொரைதான் பாவம் சார். ரெண்டு கடிகாரத்தப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.”

மகளை விட்டுவிட்டுக் கடல் தாண்டப் போகிறவர், துரைக்காக இரக்கப்பட்டுவிட்டுப் போனார்.