கெர்டா லீப்ஷரின் இடது கண்

கெர்டா லீப்ஷருக்கு இடது கண் போனது 1991 செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே. கல்லை எறிந்தவன் என் மகன் ஹைகோ. நான் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய காலத்தில் இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனியில், கோல்விட்ஸ் கரித் தொழிற்சாலையில் நானும் கெர்டாவும் பதினேழு வருஷம் ஒரே கன்வேயரின் இரண்டு பக்கம் நின்றவர்கள். பழுப்பு நிலக்கரியோடு வரும் கல்லையும் கட்டையையும் பொறுக்கிப் போடும் வேலை. வீடும் ஒரே கட்டடத்தில், எதிரெதிர் கதவு. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள், ஆனால் அவளை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். எனக்கு இரண்டாம் ஷிஃப்ட் வந்த நாளெல்லாம் ஹைகோ சாப்பிட்டது அவள் வீட்டில்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை.

அவளுடைய அப்பா சுரங்கத் தொழிலாளி, சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். கெர்டா பிறந்த வருஷம் ஹிட்லரின் பழுப்புச் சட்டைக்காரர்கள் வந்து அவரை இழுத்துப்போய்த் தாடையை உடைத்து அனுப்பினார்கள். சாகும்வரை சூப்பைத் தவிர வேறொன்றும் அவரால் சாப்பிட முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா சொல்லும் கதைகள் இருந்தன. கெர்டாவுக்கு அவர் சூப் உறிஞ்சும் சத்தம்தான் இருந்தது. அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

தொழிற்சங்கத்தில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. வெளிநாட்டுக்காரர்களுக்கு உதவிப் பணம் திரட்டும் ஒருமைப்பாட்டு வில்லையை மாதாமாதம் கொண்டுவந்து நீட்டுவாள். ஒரு மாதம் வியட்நாமுக்கு, ஒரு மாதம் சிலிக்கு, ஒரு மாதம் மொசாம்பிக்குக்கு. காசு கொடுத்து வாங்கி அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் முணுமுணுப்போம். "உன் அடுப்புல கரி இருக்கு, அங்க அவனுக்குக் கூரையே இல்ல. பேசாம ஒட்டு," என்பாள்.

அவளை மகாத்மா ஆக்க நான் வரவில்லை. அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் பிராக் நகரத்துக்குள் போனபோது, அதை ஆதரித்துத் தொழிற்சாலையில் ஒரு கடிதம் சுற்றியது. எலக்ட்ரீஷியன் ஹார்ஸ்ட் காலிஷ் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். கட்சி மேலிடத்தில் போய்ச் சொன்னவள் கெர்டா. ஹார்ஸ்டைத் திறந்தவெளிச் சுரங்கக் குழிக்கு மண் வார அனுப்பினார்கள். ஆறு வருஷம்.

பிறகு பெர்லின் சுவர் விழுந்தது, மேற்கு ஜெர்மனி வந்தது, தொழிற்சாலைக்குப் பூட்டு வந்தது. மேற்கிலிருந்து வந்த ஒருத்தர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு எங்களை வரிசையாக உட்காரவைத்து, எங்கள் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். கெர்டா மட்டும் எழுந்து, "அப்ப எதுக்கு வாங்கறீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம், அவளைப் பார்த்து.

அடுத்த ஜனவரியில் அமெரிக்கா ஈராக்கின்மேல் குண்டு போட ஆரம்பித்தது. கெர்டா ஒரு படுக்கை விரிப்பில் 'எண்ணெய்க்காகக் கொலை வேண்டாம்' என்று பெயிண்டில் எழுதி, சந்தைத் திடலில் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனி. ரொட்டிக்கடை வரிசையில் நாங்கள் நின்றோம். ஹார்ஸ்ட் அவள் முன்னால் போய் நின்றான்.

"என்ன தோழர், ஆப்கானிஸ்தானுக்குள்ள ரஷ்யாக்காரன் போனப்ப உங்க வீட்டு விரிப்பெல்லாம் சலவைக்குப் போயிருந்துச்சா?"

வரிசையே சிரித்தது.

"அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்தது தப்புதான் ஹார்ஸ்ட்," என்றாள் கெர்டா. "அதுக்காக இன்னிக்கும் மூடிக்கணுமா?"

"உன் வாய் மூடியிருந்தா நான் ஆறு வருஷம் குழியில கிடந்திருக்க மாட்டேன்டி."

 கெர்டா விரிப்பை இறக்கவில்லை. ஐந்து மணிவரை அப்படியே நின்றாள்.

ஹைகோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தொழிற்சாலையோடு அவன் தொழில்பயிற்சியும் போனது. தலையை மழித்துக்கொண்டான், கனமான பூட்ஸ் வாங்கினான், அவனைப்போலவே மழித்த பையன்களோடு பெட்ரோல் பங்க் பக்கம் நின்று பீர் குடித்தான். எங்கள் கட்டடத்துக்கு எதிரில், பழைய அரசாங்கம் ஒப்பந்தத்தில் வரவழைத்த மொசாம்பிக் தொழிலாளர்களின் விடுதி. அவர்களுக்கும் வேலை போய்விட்டது, ஊருக்கு அனுப்பப்படக் காத்திருந்தார்கள். அதில் அர்லிந்தோ என்பவன் எங்கள் ஷிஃப்டில் இருந்தவன். கெர்டாவின் வீட்டுக் குழாயைச் சரிசெய்து தருவான், அவள் கேக் செய்து கொடுப்பாள்.

ஒருநாள் மாடிப்படியில் கெர்டா ஹைகோவைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வேலையைப் பிடுங்கினவன் யாருடா? அர்லிந்தோவா? மேற்கத்தி முதலாளி. அவனுக்குக் கதவு திறந்துவிட்ட மந்திரி. அவங்களைப் போய்க் கேளேன்."

"சரிதான் அத்தை," என்றான் ஹைகோ. "ஆனா முதலாளி என் கைக்கு எட்டற தூரத்துல இல்லையே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு, சின்ன வயசிலிருந்தே.

செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்துப் பேர் விடுதி ஜன்னல்களில் கல் எறிந்தார்கள். புதன்கிழமை ஐம்பது பேர். வியாழக்கிழமை ஊரே வந்துவிட்டது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டு விற்றான். ஒவ்வொரு கண்ணாடி உடையும்போதும் கைதட்டல். இரண்டு போலீஸ் வண்டி தெருமுனையில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார்கள்.

நான் பால்கனியில் நின்றேன். கைதட்டினேனா என்று கேட்டால், கையில் பாத்திரம் துடைக்கும் துணி இருந்தது.

கெர்டா கீழே இறங்கித் தெருவைக் கடந்து விடுதிக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். சங்கக் கூட்டத்தில் பேர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ரெனாட்டே! உன் பிள்ளைக்கு நிமோனியா வந்தப்ப நாலு நாள் உன் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தது யாரு? அர்லிந்தோதானே? அவன் உள்ள இருக்கான்டி!"

ரெனாட்டே சாசேஜோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போய்ச் சேரு, சிவப்பு!" என்று கத்தினான் ஹார்ஸ்ட். "உன் ராஜ்ஜியம் முடிஞ்சு போச்சு!"

கெர்டா நிமிர்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்தாள். "ரூத்! கீழ வா!"

நான் போகவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். நான் துணியை உதறி மடித்தேன்.

அப்புறம்தான் கூட்டத்தின் முன்வரிசையில் அவள் ஹைகோவைப் பார்த்திருக்க வேண்டும். குரலே மாறிப்போனது. சூப்பை முடிக்காமல் எழுந்த பிள்ளையை அதட்டுவதுபோல, "ஹைகோ, கையில இருக்கறதைக் கீழ போடு. வீட்டுக்குப் போ," என்றாள்.

"அத்தை கூப்பிடறா, போடா! மூக்கைத் துடைச்சுவிடுவா!" என்றான் யாரோ. கூட்டம் வெடித்துச் சிரித்தது. பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள்.

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவன் எறிந்திருக்க மாட்டான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தடி தூரம். நடைபாதையில் பதித்திருந்த கல், பெயர்த்தது. அவள் கையைத் தூக்கக்கூட இல்லை. அவன் எறிவான் என்று நினைக்கவில்லை.

கல் கண்ணிலேயே பட்டது. பிறகு ஒருத்தர் கைதட்டினார். அப்புறம் இன்னும் சிலர்.

அர்லிந்தோ கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்தான். கூட்டத்தைத் தாண்டி வரமுடியவில்லை என்று ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் தெருமுனையிலேயே நின்றது. அந்த ஒரு மணி நேரமும் அவன் தன் சட்டையைச் சுருட்டி அவள் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பஸ்கள் வந்து விடுதியைக் காலிசெய்தன. போகிற பஸ்ஸுக்கு ஊர் கையசைத்தது. அடுத்த வாரமே அவர்களை விமானம் ஏற்றிவிட்டார்கள். ஊரில் அமைதி திரும்பியது என்று செய்தித்தாளில் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். தலையில் பாதிக்குக் கட்டு.

"நான் சொன்னா சிவப்புக்காரி பொய் சொல்றாம்பாங்க," என்றாள் கெர்டா. "நீ அவனோட அம்மா. நீ சொல்லு."

"எனக்கு ஒரே பையன், கெர்டா."

"எனக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சு."

திராட்சையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவளே போலீசில் சொன்னாள். ஒரு இளம் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார், பூட்ஸை வாசலில் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். அன்று என் மகன் எங்கே இருந்தான் என்று கேட்டார். "வீட்லதான். உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தான்," என்றேன். எழுதிக்கொண்டார். அவருக்கும் நிம்மதிதான் போல. காபி குடித்துவிட்டுப் போனார். வழக்கு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் எதிரெதிர் கதவில் பேச்சில்லாமல் இருந்தோம். நான் வெளியே போகுமுன் கதவில் காது வைத்துக் கேட்பேன், அவள் படியில் இல்லை என்று தெரிந்தால்தான் திறப்பேன். அவளும் அப்படியே செய்தாள் என்று நினைக்கிறேன். கட்டடத்துக் குழந்தைகள் அவளுக்கு 'ஒத்தக்கண்ணி' என்று பேர் வைத்திருந்தார்கள். ஹைகோ முடி வளர்த்துக்கொண்டான், கூரை போடும் கம்பெனி ஆரம்பித்தான், கல்யாணம் செய்துகொண்டான். பழைய நண்பர்களைத்தான் விடவில்லை. அவர்களும் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கு இப்போது கட்சி இருந்தது.

1999 வசந்தத்தில் யூகோஸ்லாவியாமேல் குண்டு விழுந்தது. இந்தத் தரம் எங்கள் ஜெர்மன் விமானங்களும் போயின. அனுப்பியது சமூக ஜனநாயகக் கட்சியின் அரசாங்கம், அவள் அப்பாவின் கட்சி. சந்தைத் திடலில் கெர்டா மறுபடி விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'பெல்கிரேடில் எங்கள் பேரில் குண்டு போடாதே.' அறுபத்தாறு வயது. போகிறவர்களிடம் பேசிக்கொண்டேயிருந்தாள்: "அந்தக் கட்சிக்காக எங்கப்பா தாடையைக் கொடுத்தார். இவங்களுக்காகவா?" யாரும் நிற்கவில்லை.

நான் முட்டைக்கோஸ் கடையில் இருந்தேன். அப்போதுதான் ஹைகோ ஆறு பேரோடு வந்தான். அவர்கள் கையில் அச்சடித்த பலகை: 'அந்நியப் போரில் ஜெர்மன் ரத்தம் வேண்டாம்.' நேராகப் போய் கெர்டாவின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். இடது பக்கம், அவளுக்குத் தெரியாத பக்கம். குரல் கேட்டுத்தான் திரும்பினாள்.

"வணக்கம் அத்தை."

அவள் விரிப்பை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

"நீங்க சொல்றதைத்தான் நாங்களும் சொல்றோம். அமெரிக்காக்காரன் சண்டைக்கு நாம எதுக்குப் போகணும்? போனா இன்னும் லட்சம் அகதி இங்க வந்து நிப்பான். நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே?"

"நான் அங்க சாகறவனுக்காக நிக்கறேன். நீ?"

"எதுக்காக நின்னா என்ன அத்தை, போட்டோவுல ஒண்ணாத்தானே தெரியும்."

செய்தித்தாள் ஆள் உண்மையிலேயே அங்கே இருந்தான். படம் எடுத்தான். கெர்டா விரிப்பைச் சுருட்டப் பார்த்தாள். காற்று அடித்து ஒரு முனை பறந்தது. ஹைகோ அதைப் பிடித்தான். "கொடுங்க, இந்த முனையை நான் பிடிக்கறேன். சேர்ந்து மடிச்சிடலாம்." மரியாதையாகத்தான் சொன்னான். நான் வளர்த்த பிள்ளை.

கெர்டா தன் கையிலிருந்த முனையை விட்டுவிட்டாள். விரிப்பை அவனிடமே விட்டுவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போனாள். அதற்குப் பிறகு திடலுக்கு அவள் வரவேயில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்தது: 'போருக்கு எதிராகக் கோல்விட்ஸ் மக்கள்.' ஹைகோ நடுவில், கெர்டா ஓரத்தில். அந்தப் படத்தை ஹைகோ தன் நகரசபைத் தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் கட்டடத்தில் எல்லாத் தபால்பெட்டியிலும் ஒன்று விழுந்தது, அவள் பெட்டியிலும்.

அன்று சாயங்காலம் அவள் என் கதவைத் தட்டினாள். எட்டு வருஷத்தில் முதல் தரம். பிரசுரம் கையில் இருந்தது.

"ரூத், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் எறிஞ்சதை நீ பார்த்தியா, இல்லையா? போலீஸ்ல சொல்ல வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லு. நான் பொய் சொல்லலேன்னு ஒரு ஆளாவது சொல்லட்டும்."

உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது.

"அவன் வீட்லதான் இருந்தான் கெர்டா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படக்கூட இல்லை. என்னைவிட்டால் கேட்க ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் ஹைகோ நகரசபைக்கு ஜெயித்தான். நானும் அவனுக்குத்தான் போட்டேன்.

கெர்டா இரண்டு குளிர்காலம் கழித்துச் செத்துப்போனாள். ஒரு திங்கட்கிழமை எதிர் வீட்டில் ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை ரேடியோ பாடிக்கொண்டேயிருந்தது. புதன்கிழமையும். நான் வியாழக்கிழமைதான் கட்டடக் காவலரைக் கூப்பிட்டேன். முதல் இரண்டு நாள் உயிர் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கை கதவுப் பக்கம் நீண்டிருந்ததாம்.

அடக்கத்துக்கு நாலு பேர். ஹைகோ நகரசபை சார்பில் மலர்வளையம் அனுப்பினான்.

அவன் இன்னும் சபையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சாப்பிட வருவான். கறி வெந்திருக்கிறதா என்று கேட்பேன். "நல்லா வெந்திருக்கும்மா," என்பான், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வான்.